தண்டுவடக் காய ஆய்வுக்கு எந்த விலங்கு?

தண்டுவடக் காயத்தில் ஆய்வு தொடங்கப் போகும் மாணவரிடம் எந்த விலங்கில் செய்யப் போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். வழிகாட்டியின் ஆய்வகத்தில் ஏற்கெனவே எது இருக்கிறதோ அதுதான் பெரும்பாலும் பதிலாக வரும். எலிக்கூண்டு இருந்தால் எலி, மீன் தொட்டி இருந்தால் மீன். இடம், பணம், அனுமதி, பழகிய கை எல்லாவற்றையும் யோசித்தால் இதைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் இந்தத் துறையில் விலங்கிடம் வென்று மனிதரிடம் தோற்ற சிகிச்சைகளின் வரிசை நீளம். ரோ என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்து, ரிலுசோல் என்ற இன்னொரு மருந்து என்று ஒவ்வொன்றும் எலியிடம் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு வந்தவைதான். மனிதரிடம் நடந்த பெரிய சோதனைகளில் எதிர்பார்த்த பலனை அவற்றால் காட்ட முடியவில்லை.

என் கட்சி இது: விலங்கைக் கடைசியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்தச் செயல் திரும்ப வேண்டும் என்பது முதல் கேள்வி. அதற்கு எந்த வகைக் காயம் பொருந்தும் என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் விலங்கு பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

முதல் கேள்வியையே நாம் தவறாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதற்குச் சான்று உண்டு. தானும் தண்டுவடக் காயத்துடன் வாழும் அமெரிக்க ஆய்வாளர் கிம் ஆண்டர்சன், அதே நிலையில் உள்ள 681 பேரிடம் எது திரும்பினால் வாழ்க்கை அதிகம் மாறும் என்று கேட்டு, 2004இல் முடிவுகளை வெளியிட்டார். கை கால் நான்கும் பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் கைக்கு முதலிடம் கொடுத்தார்கள். கால்கள் மட்டும் பாதிக்கப்பட்டவர்களிடம் பாலுறவு முதலில் வந்தது. சிறுநீர், மலக் கட்டுப்பாடு இரு தரப்புக்கும் முக்கியமாக இருந்தது. நடப்பதற்கு எந்தத் தரப்பும் முதலிடம் தரவில்லை. ஆய்வகங்களிலோ நடுமுதுகில் காயம் செய்து, விலங்கு நடக்கிறதா என்று பார்ப்பதுதான் இன்றும் பெருவழக்கு. கழுத்தில் அடிபட்டுக் கை போனவருக்கு, முதுகில் அடிபட்ட எலியின் பின்கால் என்ன சொல்லிவிடப் போகிறது?

காயம் எப்படிப்பட்டது?

1911இல் ஆல்ஃப்ரெட் ஆலன் என்ற அமெரிக்க மருத்துவர், மயக்கத்தில் இருந்த நாயின் முதுகெலும்பைத் திறந்து, தெரிந்த எடையைத் தெரிந்த உயரத்திலிருந்து தண்டுவடத்தின் மேல் விழச் செய்தார். அளந்து செய்யப்பட்ட தண்டுவடக் காயம் அங்கே தொடங்குகிறது. பிறகு, அடிபட்ட இடத்தில் தேங்கிய இரத்தக் கசிவைக் கீறி வெளியேற்றினால் நாய்கள் கூடுதலாகத் தேறுவதையும் அவர் கவனித்தார். அடி விழுந்த நொடியில் ஏற்படும் சேதம் ஒரு பங்கு, அதற்குப் பிந்தைய மணிகளில் உள்ளேயே பரவும் சேதம் இன்னொரு பங்கு என்ற எண்ணத்துக்கு அது வழிவிட்டது. இன்றைய மருந்து முயற்சிகளில் பெரும்பகுதி அந்த இரண்டாம் பங்கை மடக்கப் பார்ப்பவையே.

இப்படி எடை விழுந்து ஏற்படும் மோதல் காயம் மனிதருக்கு நேர்வதற்கு அருகில் நிற்கிறது. நடுவில் திசு சிதைந்துபோகும், ஓரத்தில் ஒரு வளையம் எஞ்சும். 1978இல் டொரொன்டோவில் ரிவ்லினும் டேட்டரும் கொண்டுவந்த கவ்விக் காயம், தண்டுவடத்தைக் கவ்வியால் இறுக்கி, மோதலோடு அழுத்தத்தையும் சேர்த்தது. முழு வெட்டு என்பது தண்டுவடத்தைக் குறுக்கே துண்டிப்பது. மனிதருக்கு அப்படி நேர்வது அரிது. ஆனாலும் நரம்பிழை உண்மையிலேயே புதிதாக வளர்ந்து காயத்தைக் கடந்ததா என்று நிரூபிக்க அதைவிட நம்பகமான வழி இல்லை. மோதல் காயத்துக்குப் பிறகு எலி நடந்தால், இழை வளர்ந்ததால் நடந்ததா, அறுபடாமல் எஞ்சியிருந்த இழைகள் வேலையை ஏற்றுக்கொண்டதால் நடந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். "மறுவளர்ச்சி" என்று தலைப்பு வைத்த எத்தனையோ கட்டுரைகள் தடுக்கி விழுந்த இடம் இது.

ஆய்வகக் காயம் எதுவானாலும் சில வேறுபாடுகள் கூடவே வருகின்றன. எலும்பை முதலிலேயே அகற்றிவிடுவதால் வீங்கும் தண்டுவடத்துக்கு இடம் கிடைத்துவிடுகிறது. அடி பின்புறத்திலிருந்து விழுகிறது. விலங்கு மயக்கத்தில் இருக்கிறது. பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டவருக்கு உடைந்த எலும்பு பெரும்பாலும் முன்பக்கத்திலிருந்து குத்துகிறது, அறுவை அரங்குக்குப் போகும்வரை அழுத்திக்கொண்டே இருக்கிறது. இந்த இடைவெளியை எந்த விலங்கு குறைக்கிறது என்பதையும் தேர்வின்போது பார்க்க வேண்டும்.

எலியும் சுண்டெலியும்

எலியிடம் நீண்ட நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. துறையின் அறிவில் பெரும்பங்கு அதன் முதுகின் மேல்தான் ஏறி வந்திருக்கிறது.

வழக்கமான மோதல் காயச் சோதனை இப்படி நடக்கும். மயக்கம் கொடுத்த எலியின் நடுமுதுகில் மயிரை மழித்து, தசையை விலக்கி, ஒன்பதாவது அல்லது பத்தாவது மார்பு முள்ளெலும்பின் கூரையை மட்டும் நுணுக்கமாகக் கிள்ளி எடுப்பார்கள். தண்டுவடம் சுமார் மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் வெளிர் நிறத்தில் தெரியும். பத்து கிராம் எடையுள்ள கம்பி 12.5, 25, 50 மில்லிமீட்டர் என்று முன்பே குறித்த ஓர் உயரத்திலிருந்து அதன்மேல் விழும். விழுந்த கணத்தில் பின்கால்கள் வெட்டி இழுக்கும், வால் துடிக்கும். அந்தத் துடிப்பு வராவிட்டால் அடி சரியாக விழவில்லை என்று அனுபவமுள்ளவர்கள் சந்தேகப்படுவார்கள். சற்று நேரத்தில் அந்த இடம் கருஞ்சிவப்பாகக் கன்றிவிடும்.

அசல் வேலை அதற்குப் பிறகுதான். எலிக்குச் சிறுநீர் தானாகப் போகாது. காலையும் மாலையும் கையில் எடுத்து, அடிவயிற்றில் உருண்டு நிற்கும் பையை விரல்களால் தடவிக் கண்டுபிடித்து, மெல்ல அழுத்தி வெளியேற்ற வேண்டும். தாமதித்தால் தொற்று வரும், வேகமாக அழுத்தினால் பை கிழியும். ஞாயிற்றுக்கிழமையும் பொங்கலும் இதற்குக் கிடையாது. சிறுநீர்க் குழாய் குட்டையாக இருப்பதால் பெண் எலிகளிடம் இந்த வேலை எளிது. ஆகவே பெரும்பாலான ஆய்வுகள் பெண் எலிகளில் நடக்கின்றன. தண்டுவடக் காயமடையும் மனிதர்களில் பெரும்பான்மையோர் ஆண்கள். பராமரிப்பு வசதிக்காகச் செய்த தேர்வு அறிவியலுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. மாணவரை விலங்கறைக்கு அனுப்பும் முன் வழிகாட்டிகள் இதைச் சொல்லிவிடுவது நல்லது.

அளவீட்டுக்கு 1995இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாஸோ, பீட்டி, பிரெஸ்னஹன் மூவரும் உருவாக்கிய அளவுகோல் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. திறந்த வட்ட மேடையில் எலியை விட்டு, இரண்டு பேர் நான்கு நிமிடம் உற்றுப் பார்ப்பார்கள். பின்காலில் அசைவே இல்லை என்றால் 0. பாதத்தை ஊன்றி உடல் எடையைத் தாங்கினால் 9. அடியெடுத்து நடந்தும் முன்கால் பின்கால் ஒத்துப்போகவில்லை என்றால் 11. ஒத்துப்போவது சிலசமயம், அடிக்கடி, எப்போதும் என்று 12, 13, 14. வால் நிமிர்ந்து உடல் ஆடாமல் நடக்கும் நலமான எலி 21. படிகளின் உயரம் சமமில்லை என்பதுதான் சிக்கல். 8இலிருந்து 9க்குப் போவது பெரிய தாவல், 16இலிருந்து 17க்குப் போவது பாதம் திரும்பும் கோணம் பற்றிய விஷயம். இதையெல்லாம் கூட்டிச் சராசரி எடுத்து, "சிகிச்சைக் குழு இரண்டு புள்ளி முன்னேறியது" என்று எழுதுகிறோம். ஓரளவு அடிபட்ட எலி எந்தச் சிகிச்சையும் இல்லாமலேயே சில வாரங்களில் எழுந்து நடந்துவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த இரண்டு புள்ளியின் கனம் இன்னும் குறையும்.

எலி அவ்வளவு சுலபமாக நடப்பதற்குக் காரணம் அதன் வயரிங். மூளையின் மேலடுக்கான பெருமூளைப் புறணியிலிருந்து இறங்கும் முதன்மைப் பாதை எலியின் தண்டுவடத்தில் பின்பகுதியின் அடியில் ஓடுகிறது. நடக்க அதன் தேவை குறைவு. மூளைத்தண்டிலிருந்து வரும் பாதைகளும் தண்டுவடத்துக்குள்ளேயே இருக்கும் நடைச் சுற்றுகளும் பார்த்துக்கொள்கின்றன. மனிதரிடம் இந்தப் புறணிப் பாதை பக்கவாட்டில் தடித்து ஓடுகிறது. அதன் இழைகள் சில, விரல் தசைகளை இயக்கும் நரம்பணுக்களை இடைத்தரகர் இல்லாமல் நேரடியாகத் தொடுகின்றன. சட்டைப் பொத்தானைப் போடும் விரல் நுட்பத்துக்கு அது அடிப்படை. எலிக்கு அந்த நேரடி இணைப்பு இல்லை.

இத்தனை குறைகளையும் சொல்லிவிட்டு, புதிய மருந்தையோ செல் சிகிச்சையையோ முதலில் எதில் பார்ப்பது என்று கேட்டால் எலி என்றே சொல்வேன். மோதலுக்குப் பிறகு எலியின் தண்டுவடத்தில், மனிதரிடம் போலவே, நீர் நிறைந்த குழிவு உருவாகிறது. அந்தக் குழிவை நிரப்பவோ தாண்டவோ முயலும் எந்தச் சிகிச்சைக்கும் இது அடிப்படைத் தகுதி. அதோடு, மேல்முதுகில் அடிபட்ட எலியின் பெருங்குடலில் சிறு பலூனை ஊதினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. மலம் கட்டினாலோ சிறுநீர்க் குழாய் அடைத்தாலோ நோயாளிகளுக்கு வரும் ஆபத்தான அழுத்த ஏற்றமும் இதே விதமானதுதான். நடையை விட்டுவிட்டு இதை அளக்க நினைத்தால் எலி அருமையான விலங்கு. கழுத்துக் காயம் செய்து, உணவுத் துணுக்கை எட்டி எடுக்கப் பழக்கிய எலியின் முன்கையைப் பார்ப்பதும் நடுமுதுகுக் காயத்தைவிட மேல்.

சுண்டெலிக்கு எலியைவிடச் சிறிய கூண்டு போதும், செலவும் குறைவு. ஆனால் அதன் காயத்தில் குழிவு உருவாவதில்லை. இணைப்புத் திசு வந்து இடத்தை அடைத்துவிடுகிறது. இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே சிகிச்சையைச் சோதிக்கச் சுண்டெலியைத் தேர்ந்தெடுப்பதை நான் ஏற்பதில்லை. "இந்த மரபணுவை நீக்கினால் என்ன ஆகும்", "இந்த வகைச் செல்லை மட்டும் அணைத்தால் என்ன ஆகும்" என்ற கேள்விகளுக்கு அதற்கு மாற்று கிடையாது. சுண்டெலியில் பிடென் என்ற மரபணுவை நீக்கியபோது புறணிப் பாதை இழைகள் காயத்தைத் தாண்டி வளர்ந்ததை 2010இல் பாஸ்டனில் ஷிகாங் ஹேயின் குழு காட்டியது. நரம்பிழை வளர்ச்சிக்குத் தழும்புச் செல்கள் தடை என்று பாடநூல்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்தன. 2016இல் சோஃப்ரோனியேவ் குழு அந்தச் செல்களைச் சுண்டெலியில் அகற்றிப் பார்த்தது. வளர்ச்சி கூடவில்லை. தழும்பு ஓரளவு துணை நிற்பதாகவே தெரிந்தது. எலியை வைத்துக்கொண்டு இப்படியொரு கேள்வியைக் கேட்டிருப்பது கடினம்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு கசப்பு உண்டு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம், வெளியான நம்பிக்கையூட்டும் கொறிவிலங்கு முடிவுகளை வேறு ஆய்வகங்களில் திரும்பச் செய்து பார்க்கவே தனியாகப் பணம் ஒதுக்கியது. 2012இல் அந்த முயற்சிகளைத் தொகுத்துப் பார்த்தபோது பெரும்பாலானவை முதல் முடிவைத் திரும்பக் காட்டவில்லை என்று தெரிந்தது. இதற்கு எலியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. குறைந்த எண்ணிக்கை, யாருக்கு மருந்து கொடுத்தோம் என்று தெரிந்தவரே மதிப்பெண் போடுவது, நன்றாக வந்த அளவீட்டை மட்டும் எழுதுவது என்று காரணங்கள் மனிதர்கள் பக்கமே இருக்கின்றன. விலங்கை மாற்றினாலும் இவை கூடவே வரும்.

மீனும் பூனையும்

ஜீப்ரா மீனின் தண்டுவடத்தை முழுதாகத் துண்டித்தாலும் ஆறு முதல் எட்டு வாரங்களில் மறுபடி நீந்துகிறது. காயத்தின் குறுக்கே துணைச் செல்கள் முதலில் பாலமிடுகின்றன, நரம்பிழைகள் அதை ஒட்டிக் கடக்கின்றன. அந்தப் பாலத்துக்குத் தேவையான ஒரு வளர்ச்சிக் காரணியை 2016இல் டியூக் பல்கலைக்கழகக் குழு அடையாளம் கண்டது. குஞ்சு மீன் கண்ணாடி போல் இருப்பதால் உயிரோடு இருக்கும்போதே இழை வளர்வதை நுண்ணோக்கியில் பார்க்கலாம், மருந்தைத் தண்ணீரில் கரைத்து நூற்றுக்கணக்கான குஞ்சுகளில் ஒரே நேரத்தில் சோதிக்கலாம். இயற்கை இந்தக் காரியத்தை எப்படிச் செய்கிறது என்று அறிய விரும்புபவருக்கு இது போதும். நோயாளிக்கு மருந்து தேடுபவர் இதோடு நின்றுவிட முடியாது. தானாகவே தேறும் விலங்கில் சிகிச்சை வேலை செய்கிறது என்று சொல்வதில் பொருள் குறைவு.

பூனையை இன்று புதிதாகத் தேர்ந்தெடுப்பவர்கள் மிகக் குறைவு. ஆனாலும் இந்தத் துறையில் மனிதருக்கு மெய்யாகவே பயன் தந்த எண்ணங்கள் பலவற்றின் தாய்வீடு அதுதான். மூளையிலிருந்தோ காலிலிருந்தோ செய்தி வராவிட்டாலும் தண்டுவடத்தால் தானாகவே நடைத்தாளத்தை உண்டாக்க முடியும் என்பதை 1911இல் கிரகாம் பிரவுன் பூனையில்தான் காட்டினார். 1980களில் மான்ட்ரியலில் பார்போவும் ரொசிஞ்ஞோலும், முதுகில் தண்டுவடம் முழுதாகத் துண்டிக்கப்பட்ட வளர்ந்த பூனைகளுக்கு ஓடுபட்டையில் நாள்தோறும் பயிற்சி கொடுத்தார்கள். வாலைப் பிடித்துத் தாங்கினால் போதும், பின்கால்கள் பட்டையின் வேகத்துக்கு ஏற்ப அடியெடுத்து வைத்தன. நோயாளிகளை வார்ப்பட்டையில் தொங்கவிட்டு நடக்கப் பழக்கும் முறை அங்கிருந்து வந்தது. 2006இல் வெளியான பெரிய மனிதச் சோதனையில், பகுதிக் காயம் உள்ளவர்களுக்கு அந்த முறை தரைமேல் தரும் சாதாரணப் பயிற்சியைவிடச் சிறந்ததாக இல்லை. இரண்டு குழுவும் நன்றாகவே தேறின. எண்ணம் பிழையில்லை, பூனையில் தெரிந்த அதன் அளவு மனிதரிடம் அப்படியே வரவில்லை.

சிறுநீர்ப்பையைப் பற்றிய கேள்வி என்றால் பூனை இன்னும் எலிக்கு முன்னால் நிற்கிறது. காயத்துக்கு முன் தூங்கிக்கொண்டிருந்த மெல்லிய உணர்நரம்புகள் காயத்துக்குப் பின் விழித்துப் பையைக் கண்டபடி சுருங்கச் செய்வதைப் பிட்ஸ்பர்கில் டி குரோட் பூனையில் கண்டறிந்தார். மிளகாயின் காரப்பொருளைப் பைக்குள் செலுத்தி அந்த நரம்புகளை மழுங்கச் செய்யும் சிகிச்சை அதன் வழியாக வந்ததே.

பன்றியும் குரங்கும்

அளவு என்ற ஒன்றுக்காகவே பன்றி பட்டியலில் இடம்பெறுகிறது. எலியின் தண்டுவடத்தில் சில மில்லிமீட்டர் வளர்ந்தால் காயத்தைக் கடந்துவிடலாம், மனிதருக்குச் சென்டிமீட்டர் கணக்கில் வளர வேண்டும். எலிக்குச் செலுத்தும் செல்களின் எண்ணிக்கை, ஊசியின் ஆழம், மருந்து பரவும் தொலைவு எதையும் நேராகப் பெருக்கி மனிதருக்குக் கொண்டுபோக முடியாது. வான்கூவரில் பிரையன் குவானின் குழு யுகாடான் குட்டைப் பன்றியில் 50 கிராம் எடையை 5 முதல் 50 சென்டிமீட்டர் வரையிலான உயரங்களிலிருந்து விழச்செய்து, காயத்தின் தீவிரத்தைப் படிப்படியாக மாற்றிக் காட்டியது. சாதாரணப் பண்ணைப் பன்றி மாதங்களில் எடை கூடி ஆளுக்கு அடங்காமல் போய்விடும் என்பதால் குட்டை இனம். அதையும் காயத்துக்குப் பிறகு புரட்டிப் போட்டுப் படுக்கைப்புண் வராமல் பார்ப்பது எலியைக் கையில் எடுப்பதைப் போல் இருக்காது.

அறுவை மருத்துவர்களின் கேள்விகளுக்குப் பன்றிதான் சரி. இரத்த அழுத்தத்தை எவ்வளவு உயர்த்தி வைத்தால் காயமுற்ற தண்டுவடத்துக்கு இரத்தம் போகும், எந்த மருந்தால் உயர்த்துவது, தண்டுவடத்தைச் சுற்றிய உறைக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்பதையெல்லாம் மனிதருக்குப் பயன்படுத்தும் அதே குழாய்களையும் உணரிகளையும் வைத்து அளக்கலாம். புதிய கருவியைப் பொருத்தும் முன் மருத்துவர் கை பழகுவதற்கும் உதவும். கை விரல் நுட்பத்தைப் பற்றிக் குளம்புள்ள விலங்கிடம் கேட்டுப் பயனில்லை.

அந்தக் கேள்விக்குக் குரங்கு. 2010இல் கலிபோர்னியாவில் ரோசன்ஸ்வைக், டுஷின்ஸ்கி குழுவினர் ரீசஸ் குரங்குகளின் கழுத்தில் தண்டுவடத்தின் ஒரு பாதியை மட்டும் வெட்டிப் பார்த்தார்கள். எந்தச் சிகிச்சையும் தரவில்லை. வெட்டுப்படாத பக்கத்துப் புறணி இழைகள் நடுக்கோட்டைத் தாண்டிக் கிளைவிட்டு, சில மாதங்களில் இழந்த அடர்த்தியில் ஏறக்குறைய 60 சதவீதத்தை ஈடுகட்டிவிட்டன. கையும் ஓரளவு திரும்பியது. 2015இல் எலி, குரங்கு, மனிதர் மூன்றையும் ஒப்பிட்ட ஆய்வு வந்தது. ஒரு பக்கம் மட்டும் காயப்பட்டால் குரங்கும் மனிதரும் எலியைவிட நன்றாகத் தேறுகிறார்கள் என்று அது காட்டியது. எலியில் பலனில்லை என்று கைவிட்ட சில சிகிச்சைகள் மனிதரிடம் பலன் தந்திருக்கலாம் என்ற சங்கடமான சாத்தியம் இதில் ஒளிந்திருக்கிறது. எலியில் பொய்யாக வென்றவற்றைப் பற்றியே பேசுகிறோம், பொய்யாகத் தோற்றவற்றை யாரும் தேடுவதில்லை.

ஆனால் குரங்கைத் தாண்டிவிட்டால் மனிதரிடம் வெற்றி உறுதி என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் இல்லை. நரம்பிழை வளர்ச்சியைத் தடுக்கும் நோகோ புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரியைச் சூரிச்சில் மார்டின் ஷ்வாப் குழு 1990இல் எலியில் காட்டியது, 2006இல் குரங்கின் கையில் காட்டியது. ஒழுங்காக, அவசரமில்லாமல், படிப்படியாகப் போன ஆய்வு அது. மனிதச் சோதனையின் முடிவு 2024இல் வந்தபோது முதன்மை இலக்கு எட்டப்படவில்லை. காயம் முழுமையாக இல்லாதவர்களிடம் மட்டும் சில நல்ல அறிகுறிகள் தெரிந்தன. மறுபக்கம், தண்டுவடத்தின் உறைமேல் மின்முனை வைத்துத் தூண்டும் முறையில் அமெரிக்காவில் 2011இலேயே ஒரு மனிதர் எழுந்து நின்றுவிட்டார். லொசானில் கூர்த்தீன் குழு எலி, குரங்கு, மனிதர் மூன்றிலும் மாறிமாறி வேலை செய்து அதை நடையாக்கியது. அந்தத் தூண்டலால் எந்த நரம்பணு வேலை செய்கிறது என்பதை மனிதர் நடந்த பிறகு, 2022இல், சுண்டெலிக்குத் திரும்பிப் போய்க் கண்டுபிடித்தார்கள். ஏணியில் மேலே மட்டும்தான் ஏற வேண்டும் என்று யார் சொன்னது?

குரங்கில் எண்ணிக்கை எப்போதும் குறைவு, செலவும் காலமும் அதிகம். அறத்தின் சுமையோ எந்த எண்ணிலும் அடங்காது. கையைப் பற்றிய, வேறெங்கும் விடை கிடைக்காத, கொறிவிலங்கில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வகங்களில் நிலைத்த சிகிச்சைக்கு மட்டுமே அதைத் தொடலாம் என்பது என் நிலை. அந்த நிபந்தனையில் நிற்கக்கூடிய சிகிச்சைகள் ஒரு கை விரலுக்குள் அடங்கும்.

யாரும் அடிக்காமலேயே அடிபட்ட நாய்

இந்தப் பட்டியலில் மிகக் குறைவாகப் பேசப்படுவது வீட்டு நாய். டாஷ்ஹண்ட் போன்ற நீள முதுகு, குட்டைக்கால் நாய்களுக்கு முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டுகள் இளம் வயதிலேயே கெட்டிப்பட்டுவிடுகின்றன. அந்தக் குட்டைக்காலுக்குக் காரணமான மரபணுப் பிரதிகளில் ஒன்றே இதற்கும் காரணம் என்று 2017இல் தெரியவந்தது. நேற்றுவரை சோபாவில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்த நாய் இன்று காலை பின்கால்களை இழுத்துக்கொண்டு வரும். நம் ஊரிலும் டாஷ்ஹண்ட் வளர்ப்பவர்கள் நிறையப் பேர், கால்நடை மருத்துவர்களுக்கு இது புதிய காட்சி இல்லை.

இந்தக் காயத்தைக் கவனியுங்கள். வெடித்த வட்டு தண்டுவடத்தை முன்பக்கத்திலிருந்து மோதுகிறது, அப்படியே அழுத்திக்கொண்டும் நிற்கிறது. நாய் மயக்கத்தில் இல்லை. மருத்துவமனைக்கு வரும்வரை மணிகள் கழிகின்றன. ஒரு நாயின் காயம் இன்னொன்றைப் போல் இருப்பதில்லை. பிறகு ஸ்கேன், அறுவை, பயிற்சி. ஆய்வகக் காயத்தின் குறைகளாக மேலே சொன்னவை ஏறக்குறைய எல்லாமே இங்கே இல்லாமல் போகின்றன. முக்கியமாக, ஆய்வுக்காக ஒரு விலங்கைக் காயப்படுத்த வேண்டியதில்லை.

தீவிரத்தை அறியக் கால்நடை மருத்துவர் செய்யும் சோதனை எளிமையானது. இடுக்கியால் பின்கால் விரலின் எலும்பை அழுத்துவார். கால் பின்னுக்கு இழுத்துக்கொண்டால் மட்டும் போதாது, அது தண்டுவடத்தின் அனிச்சை. நாய் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும், முனக வேண்டும், கடிக்க வர வேண்டும். வலி மூளையை எட்டியது என்பதற்கு அதுதான் சாட்சி. எட்டவில்லை என்றால் காயம் கடுமையானது. அந்த நாய்களிலும் உடனே அறுவை செய்தால் பாதிக்கு மேல் நடந்துவிடுகின்றன. பத்தில் ஒன்று அளவில் தண்டுவடம் மேலும் கீழுமாகக் கரைந்துகொண்டே போய் இறந்துவிடுகிறது. வலியுணர்வே திரும்பாத சில நாய்கள் மாதங்கள் கழித்து ஒருவித அனிச்சை நடையைக் கற்றுக்கொள்வதும் உண்டு. சிகிச்சையின் பலன் என்று இதை எண்ணிவிடும் அபாயம் எப்போதும் இருக்கிறது.

கேம்பிரிட்ஜில் 2012இல் வெளியான ஆய்வை நான் அடிக்கடி எடுத்துக்காட்டாகச் சொல்வேன். நாட்பட்ட கடும் காயமுள்ள 34 நாய்களில், ஒரு பகுதிக்கு நாயின் சொந்த மூக்குச் சவ்விலிருந்து வளர்த்த செல்களையும் மற்றவற்றுக்கு வெறும் திரவத்தையும் தண்டுவடத்தில் செலுத்தினார்கள். எந்த நாய்க்கு எது என்று மதிப்பிடுபவருக்கும் உரிமையாளருக்கும் தெரியாது. செல் பெற்ற நாய்களில் முன்கால், பின்கால் ஒத்திசைவு கூடியது. மூளையையும் காயத்துக்குக் கீழ்ப்பகுதியையும் இணைக்கும் நெடும் பாதைகள் திரும்பியதற்குச் சான்று இல்லை. கிடைத்ததைக் கிடைத்த அளவுக்கே சொன்ன முடிவு. 2016இல் மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டையும் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருளையும் புதிதாகக் காயப்பட்ட நாய்களில் அதேபோல் சோதித்தபோது இரண்டும் பலன் தரவில்லை. மெத்தில்பிரெட்னிசலோன், 1990இல் வெளியான மனிதச் சோதனை ஒன்றை வைத்து உலகெங்கும் அவசரப் பிரிவுகளில் ஏற்றப்பட்டது. 2013இல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர்களின் வழிகாட்டுதல் அதைப் பரிந்துரைப்பதில்லை என்று திரும்பிக்கொண்டது. நாய்ச் சோதனையை இருபது ஆண்டு முன்பே நடத்தியிருந்தால் எத்தனை நோயாளிகளுக்குத் தேவையற்ற ஸ்டீராய்டு போயிருக்காது என்ற கணக்கு என்னை உறுத்துகிறது.

குறைகள் உண்டு. காயங்கள் ஒன்றுபோல் இல்லாததால் நாய்கள் நிறையத் தேவை. திசுவை வெட்டி நுண்ணோக்கியில் பார்க்கும் வாய்ப்பு, நாய் முதுமையில் இறந்து உரிமையாளர் சம்மதித்தால்தான். மறுபரிசோதனைக்கு வராமல் நின்றுவிடுபவர்களும் இருப்பார்கள். கழுத்துக் காயமும் முன்கால் நுட்பமும் நாயிடம் கேட்கக்கூடியவை இல்லை. செயல்முறையின் அடிப்படையை அறியவும் அது உதவாது.

இந்தியாவில் இருந்து பார்த்தால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. விலங்குச் சோதனைகளை மேற்பார்வையிடும் மத்தியக் குழுவின் விதிகளின்படி, எலி போன்ற சிறு விலங்குகளுக்கு நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவே அனுமதி தரலாம். ஆய்வகத்தில் நாய், குரங்கு, பன்றி என்று போனால் மத்தியக் குழுவின் ஒப்புதல் வேண்டும். குரங்குக்கு வசதியுள்ள இடங்கள் நாட்டில் குறைவு. அதேநேரம், சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய மருத்துவமனைகளின் வாசலுக்கு நாய்கள் நோயாளிகளாகவே வருகின்றன. எலியில் ஒரு சிகிச்சையைப் பார்த்து முடித்த ஆய்வாளர் அடுத்து யாரைப் போய்ப் பார்ப்பது என்று யோசித்தால், குரங்கு வசதி தேடி அலைவதைவிடப் பக்கத்து ஊர்க் கால்நடை மருத்துவரோடு ஒரு தேநீர் குடிப்பது பலனுள்ள வேலை.

அந்த உரையாடலில் மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் பதிவேட்டைப் பற்றிப் பேச வேண்டும். நாய் நடையை இழந்த நேரம், வந்த நேரம், இடுக்கிச் சோதனையில் தலை திரும்பியதா, அறுவை நடந்த நேரம், ஒரு மாதத்திலும் மூன்று மாதத்திலும் ஆறு மாதத்திலும் எப்படி நடக்கிறது என்ற வீடியோ, சிறுநீரைத் தானாகக் கழிக்கிறதா. சிகிச்சை எதுவும் சேர்க்காமல் இவற்றை மட்டும் சில ஆண்டுகள் ஒழுங்காக எழுதிவைத்தால், தானாக எத்தனை தேறும் என்ற அடிப்படை எண் கையில் இருக்கும். அந்த எண் இல்லாமல் செல் ஊசி போட ஆரம்பிப்பவர்களைப் பார்த்தால் உரிமையாளர்கள் நாயைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பலாம்.